கருங்கண்ணிப் பருத்தி

காட்டுப் பருத்திகள் யாவும் பல்லாண்டு நிற்பவை. அவற்றின் விதையில் நூற்கத் தகுந்த நீண்ட இழை இராது. இழை நீண்ட செடி, ஒரே பருவத்தில் காய்த்து முடியும் செடி எனப் பார்த்துப் பார்த்து விதையெடுத்தவன் உழவன். இன்றைய பாகிஸ்தானிலுள்ள மெஹர்கர் என்னும் ஊரின் புதைகுழியொன்றில், செப்புமணிக்குள் கிடைத்த பருத்தி நூல் 7000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது!

நம் கோவில்பட்டிக் கரிசலின் கருங்கண்ணியும் ஆசியப் பருத்தி இனமே. ஐப்பசி மழையில் விதைத்தால், மழை ஓய்ந்தபின்னும் ஆழ வேரோடி, கரிசல் காத்துவைத்த ஈரத்தைப் பருகிக் காய்க்கும். 1901-இல் கோவில்பட்டியில் தோன்றிய ஆராய்ச்சிப் பண்ணையும் நல்ல செடிகளைத் தேர்ந்தே புதிய வகைகளைக் கண்டது. பழைய உழவன் செய்த வேலைதான்.

நீண்ட இழையை ஆலைகள் நாடவே, அமெரிக்க இனம் பரவிற்று; கருங்கண்ணி சுருங்கிற்று. அதன் காட்டு மூதாதை எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. விதைப்போர் கைவிட்டால், காட்டில் தேடி மீட்க வழியில்லை.