இரண்டு வாகனம் மோதினால் நட்டஈடு யாரிடம் கேட்பது?

2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் ஒரு பஸ், எதிரே வந்த ஜீப்புடன் மோதிப் பள்ளத்தில் விழுந்தது. 15 பேர் உயிரிழந்தார்கள். நமது மலைப்பாதைகளில் இப்படியான விபத்து யாருக்கும் நேரலாம்.

பிழை அவர்மேல், இவர்மேல் என்று சாரதிகள் வாதாடுவார்கள். அதனால் நடுவில் அகப்பட்ட பிரயாணியின் உரிமை போய்விடாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி இரு தரப்பார்மீதும் ஒரே வழக்குப் போடலாம். யார் பங்கு எவ்வளவு என்று நீதிமன்றம் பிரிக்கும். நம் பக்கமும் கொஞ்சம் பிழை இருந்தால் நட்டஈடு குறையும், இல்லாமல் போகாது.

பொலிஸ் வழக்கில் சாரதி கட்டும் தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போவது. அதோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போட வேண்டும். அதுவும் 2 வருஷத்துக்குள்.

ஆகவே, மோதிய எல்லா வாகனங்களின் இலக்கத்தையும் குறித்து வையுங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். ஆஸ்பத்திரித் துண்டு, மருந்துக் கடைப் பில், சம்பளத் துண்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். காப்புறுதிக்காரர் நீட்டும் கடதாசியில் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். வக்கீலுக்குக் கொடுக்க வசதி இல்லையா? சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்காகவே அது இருக்கிறது.