வைத்தியச் செலவைக் கட்டுவது யார்?

ஈஸ்ற் ஹாமில் எமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று உண்டு. இந்நாட்டுக்கு வந்து ஏழு மாதங்களே ஆகின்றன. அவ்வீட்டுப் பெண்ணுக்கு மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல்.

"ஏன் பிள்ளை, டொக்டரிட்டைக் காட்டேல்லை?" என்று வினவினேன்.

"எங்களுக்கு இன்னும் இன்சூரன்ஸ் நம்பர் வரேல்லை மாஸ்ரர். அது இல்லாமல் போனால் பில் வருமாம்" என்றார்.

இவ்வாறு அஞ்சுபவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். 'நஷனல் இன்சூரன்ஸ்' என்னும் பெயரே இக்குழப்பத்தை விளைவிக்கிறது. சந்தா கட்டியவனுக்கே வைத்தியம் என்று எண்ணத் தோன்றுகிறது அல்லவா? ஒரு காலத்தில் இந்நாட்டிலும் அதுவே நடைமுறையாக இருந்தது. 1911ஆம் ஆண்டில் லொயிட் ஜோர்ஜ் கொண்டுவந்த சட்டத்தின்படி ஆண் தொழிலாளி வாரந்தோறும் நான்கு பென்ஸும், முதலாளி மூன்று பென்ஸும், அரசு இரண்டு பென்ஸும் செலுத்தினர். தொழிலாளிக்கு வைத்தியர் கிடைத்தார். அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை.

1948 யூலை 5ஆம் திகதி தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, சுகாதார அமைச்சர் அனியூறின் பெவன் அந்தக் கணக்கையே மாற்றினார். சுரங்கத்தில் வேலை செய்து வளர்ந்த அவர், சேவைக்கான செலவின் பெரும்பங்கைப் பொது வரியிலிருந்து பெறும் வழியைத் தெரிந்தெடுத்தார். இன்றும் நஷனல் இன்சூரன்ஸிலிருந்து வருவது சிறுபங்கே. ஆதலால் அந்த இலக்கம் இல்லை என்பதற்காக எவரையும் குடும்ப வைத்தியர் திருப்பி அனுப்ப முடியாது.

அப்படியானால் வேலை செய்ய அனுமதியற்ற அகதி பிறர் காசில் வைத்தியம் பெறுகிறாரா? இப்பேச்சு எம்மவர் காதிலும் விழுகிறது. சிலர் கூனிக்குறுகியும் விடுகின்றனர். அரிசிக்கும் பிள்ளைகளின் உடுப்புக்கும் வற் வரி இல்லை. ஆனால் சவர்க்காரத்துக்கும் பெரியவர்களின் சப்பாத்துக்கும் 20 வீதம் உண்டு. 24 பவுணுக்குச் சப்பாத்து வாங்கினால் 4 பவுண் திறைசேரிக்குப் போகிறது. வரி கட்டாத மனிதர் இலண்டனில் இல்லை.

எவரிடம் எவ்வளவு வாங்குவது என்பதிற்றான் ஓயாத சண்டை. 1951இல் பொய்ப்பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவு செய்தபோது பெவன் அமைச்சர் பதவியையே துறந்தார். 2002ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் கோர்டன் பிறவுண், சுகாதார சேவைக்கென நஷனல் இன்சூரன்ஸை 1 வீதத்தால் உயர்த்துவதாக அறிவித்தார். மறு ஏப்பிரலில் அது நடைமுறைக்கு வந்தது. 2022 ஏப்பிரலில் 1.25 வீதம் ஏற்றப்பட்டு, அதே ஆண்டு நொவெம்பரிலேயே நீக்கப்பட்டது.

எம்மைக் கேட்டால் வருமான வரியை உயர்த்துவதே நேர்மையானது. நஷனல் இன்சூரன்ஸ் உழைப்பின்மீது விழுவது. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்யும் தம்பி அதைக் கட்டுகிறான். வீடுகளை வாடகைக்கு விட்டு வாழ்பவர் அந்த வாடகைக்குப் பொதுவாக அதைக் கட்டுவதில்லை. இது என்ன நியாயமோ!

கசப்பான ஒன்றையும் கூறவேண்டியுள்ளது. எம்மவர் கடைகள் சிலவற்றில் கணக்கில் காட்டாது கையில் காசு கொடுக்கும் வழக்கம் உண்டு. வாங்குபவருக்கு அது இலாபமாகத் தோன்றும். ஓய்வூதிய வயதில், கட்டிய ஆண்டுகளை எண்ணிப் பார்க்கும்போது கண்ணீர்தான் வரும். அம்முதலாளியும் நெஞ்சு நோவென்றால் அதே வைத்தியசாலைக்குத்தானே ஓடுகிறார்?

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் நாம் பில் கண்டதில்லை. அங்கும் அதைக் கட்டியது வரிதான். எவரும் எமக்கு அதை விளக்கிச் சொன்னதில்லை, அவ்வளவே.

விசாவில் வருவோர் 2015 முதல் கட்டும் சுகாதார மேலதிகக் கட்டணம் அகதி விண்ணப்பதாரருக்கு இல்லை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை பெரிய வைத்தியசாலையிலும் சிகிச்சை இலவசம். நிராகரிக்கப்பட்டோரின் நிலை வேறு. அவர்கள் பெரிய சிகிச்சைக்கு முன் ஆலோசனை பெறுவது நன்று. ஆயினும் குடும்ப வைத்தியரும் அவசர சிகிச்சைப் பிரிவும் அவர்களுக்கும் இலவசமே. இங்கிலாந்தில் மருந்துக்குக் கட்டணம் உண்டு. வருமானம் குறைந்தோர் எச்.சி.1 படிவத்தை நிரப்பி எச்.சி.2 சான்றிதழ் பெற்றால் அதுவும் இல்லை.

அந்தப் பெண்ணை மறுநாளே அழைத்துச் சென்று பதிவுசெய்வித்தோம். கடவுச்சீட்டைக்கூட எவரும் கேட்கவில்லை.