கொலுப் பொம்மைகளோடு வீடு மாறும்போது

நவராத்திரிக்குப் பல வீடுகளில் கொலு வைப்பார்கள். ஆந்திராவில் இதற்குப் பெயர் பொம்மல கொலுவு. கர்நாடகத்தில் கொம்பெ ஹப்பா. பாட்டி வாங்கிய பொம்மை, அம்மா கொடுத்த பொம்மை என்று படிகள் நிறையும். அவை உடைந்தால் அதே பொம்மை திரும்பக் கிடைக்காது.

மரப்பாச்சி எளிதில் உடையாது. மண் பொம்மை அப்படியல்ல. கழுத்தும் கையும் சீக்கிரம் ஒடியும்.

வீடு மாறும்போது என்ன செய்யலாம்?

1. பொம்மைகளை எண்ணுங்கள். பெயர்களைத் தாளில் எழுதுங்கள்.

2. உலர்ந்த துணியால் தூசி தட்டுங்கள். ஈரம் பட்டால் வண்ணம் போய்விடும்.

3. முதலில் பழைய பருத்தித் துணியைச் சுற்றுங்கள். அதன்மேல் செய்தித்தாளைச் சுற்றுங்கள். தாளை நேராகச் சுற்றினால் மை ஒட்டும்.

4. பெட்டியின் அடியில் வைக்கோல் பரப்புங்கள். கனமான பொம்மை கீழே, இலேசானது மேலே. இடைவெளிகளில் கந்தல் துணி வையுங்கள்.

5. பெட்டியை மெல்ல அசையுங்கள். சத்தம் கேட்டால் இன்னும் துணி வேண்டும்.

6. பெட்டிமேல் "உடையும் பொருள்" என்று பெரிதாக எழுதுங்கள். தூக்குபவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். மேல்நோக்கி அம்புக்குறியும் போடுங்கள்.

புதிய வீட்டில் பட்டியலைப் படித்து எண்ணிப் பாருங்கள். அதுவரை கந்தல் துணியை எறியாதீர்கள். சின்னப் பொம்மை அதற்குள் இருக்கலாம்.