காணியும் பொதுத் தேவையும்

வேலிக் கம்பத்தில் ஒருநாள் அறிவித்தலொன்று காணப்படும். பாட்டன்வழி வந்த காணி பொதுத் தேவைக்கு வேண்டப்படுகின்றது என மும்மொழியிலும் அதில் எழுதியிருக்கும்.

இவ்வதிகாரத்தை இலங்கை அரசுக்கு அளித்தது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம். ஆட்சேபந் தெரிவிக்க 14 நாளுக்குக் குறையாத தவணை உண்டு, நட்டஈடும் உண்டு. ஆயினும் அவசரமெனின், நட்டஈடு தீருமுன்னரே காணியைக் கையேற்கச் சட்டம் இடந்தருகின்றது. காணி பொதுத் தேவைக்கே வேண்டும் என்பதற்கு அமைச்சரின் பிரகடனமே முடிவான சான்று என்றும் அது விதிக்கின்றது.

அவ்வாறாயின் அரசியல் யாப்புக் காவாதோ? 1978ஆம் ஆண்டு யாப்பின் அடிப்படை உரிமைகளுள் சொத்துரிமை இடம்பெறவில்லை. இது பலர் அறியாத குறை. எனினும், சட்டத்தின்முன் யாவரும் சமம் என்னும் 12ஆம் உறுப்புரையை உயர் நீதிமன்றம் துணைக்கொண்டது. பொதுத் தேவை இன்னதென்று அறிவித்தலிலேயே கூறுதல் வேண்டும் என 2000ஆம் ஆண்டில் அது தீர்த்தது. தேவையை அறியாத காணிக்காரர் எதனை ஆட்சேபிப்பார்? பொதுத் தேவைக்கென எடுக்கப்பட்ட பத்தரமுல்லை நிலம் தனியாரின் கோல்ப் மைதானமாகிய வழக்கிலோ, 2008இல் முன்னாள் சனாதிபதியொருவரே 30 இலட்சம் ரூபா செலுத்துமாறு பணிக்கப்பட்டார்.

அடிப்படை உரிமை வழக்குக்கு, மீறல் நிகழ்ந்ததிலிருந்து ஒரு மாதமே தவணை. ஆகவே, அறிவித்தலைக் கண்டவர் அதன் திகதியையும், தேவை குறிக்கப்பட்டுள்ளதா என்பதையுமே முதலிற் பார்த்தல் வேண்டும்.