குடித்து அழிந்தவளா சாவித்திரி?

சனிக்கிழமை பழைய பாடல் நிகழ்ச்சி. 'பாசமலர்' பாடல் ஒன்றைப் போடும் முன், "புகழின் உச்சிக்குப் போய், குடியால் அழிந்துபோன சாவித்திரி" என்று அறிமுகம் செய்தேன். பாட்டு முடிவதற்குள் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா அழைத்துவிட்டார்.

"தம்பி, எங்கப்பாவும் தோட்டத்துல குடிச்சுக் குடிச்சுத்தான் செத்தாரு. ஆனா, 'பாவம், ஒழைச்சு எங்களை ஆளாக்கினாரு'ன்னுதான் நாங்க சொல்றோம். சாவித்திரியை மட்டும் ஏன்பா இப்படிச் சொல்றீங்க?"

என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு ஆயர் ஈத்தாம் வீட்டில், அம்மாவோடு உட்கார்ந்து 'நடிகையர் திலகம்' படத்தை மறுபடியும் பார்த்தேன். நாக் அஷ்வின் இயக்கி 2018இல் வந்து, கீர்த்தி சுரேஷுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். முதல் தடவை பார்த்தபோது ஜெமினி கணேசனுடனான காதலும் மதுக்கோப்பையும்தான் மனத்தில் நின்றன. இந்தத் தடவை கண்ணில் பட்டது அவரின் உழைப்பு.

'மிஸ்ஸியம்மா' (1955), 'மாயாபஜார்' (1957), 'களத்தூர் கண்ணம்மா' (1960), 'பாசமலர்' (1961), 'நவராத்திரி' (1964). தமிழ், தெலுங்கு இரண்டிலும் முன்னணி நாயகி. பெண்கள் கேமராவுக்குப் பின்னால் நிற்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1968இல் தெலுங்குப் படம் இயக்கினார். 1971இல் சிவாஜியோடு 'பிராப்தம்' படத்தைத் தாமே தயாரித்து இயக்கினார். படம் ஓடவில்லை, பணம் போனது. 1980இல் கோமாவில் விழுந்தவர், 19 மாதங்கள் நினைவின்றிக் கிடந்து 1981 டிசம்பர் 26 அன்று காலமானார்.

ஹாலிவுட்டில் 1954இல் வந்த 'எ ஸ்டார் இஸ் பார்ன்' படத்தில் குடிக்கு அடிமையானவர் கணவர். அவரைக் காப்பாற்றப் போராடும் நட்சத்திர மனைவியாக ஜூடி கார்லண்ட் நடித்தார். அந்தக் கணவருக்காகத் தியேட்டரே அழும். நிஜத்திலோ ஜூடிதான் மாத்திரைகளுக்கு அடிமையாகி, 1969இல் 47 வயதில் இறந்தார். ஆணின் குடி சோகக் கதையாகிறது. பெண்ணின் குடி மட்டும் ஏன் அவப்பெயராகிறது?

படம் முடிந்தும் அம்மா எழுந்திருக்கவில்லை.

"ஒன் சின்னம்மா ஞாபகம் இருக்காடா?"

எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு அது. கணவர் விட்டுப் போனபின் குடிக்கத் தொடங்கியவர் அம்மாவின் தங்கை. இறந்தபின் அவர் படத்தைக்கூட நாங்கள் சுவரில் மாட்டவில்லை.

"தீபாவளிக்கு ஒங்க எல்லாருக்கும் அவதான் துணி தைப்பா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மெஷின் சத்தம் கேக்கும்."

அந்தச் சட்டைகள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. தைத்த கையைத்தான் மறந்துபோனேன்.

குடியை மறைக்கச் சொல்லவில்லை. அது உடம்பையும் மனத்தையும் தின்னும் நோய். வேளையோடு உதவி தேடித்தர வேண்டும். ஆனால், ஒரு மனுஷியின் மொத்த வாழ்க்கைக்கும் அதையே பெயராக வைப்பது நியாயமா?

அடுத்த சனிக்கிழமை அறிமுகத்தை மாற்றினேன்: "நடிகை, தயாரிப்பாளர், இயக்குநர் சாவித்திரி."

சின்னம்மாவின் பழைய புகைப்படத்தைப் பெரிதாக்க, லிட்டில் இந்தியா கடை ஒன்றில் கொடுத்திருக்கிறோம். தீபாவளிக்குள் அது சுவரில் ஏறிவிடும்.