போதும் என்று சொல்வது யார்?

சுஷி தெரியும்தானே? வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்த சோற்றை ஒரு வாய்க்கு அளவாகக் கையில் பிடித்து, மேலே ஒரு துண்டு மீனை வைத்துத் தருவார்கள். ஜப்பானில் சில சுஷிக் கடைகளில் 'தபேஹோதாய்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டிவிட்டால் வயிறு கொண்ட மட்டும் சாப்பிடலாம். அந்த நாட்டில் இந்த முறையை 1958-இல் தொடங்கிவைத்தது தோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல்.

நிபந்தனைகளும் உண்டு. பெரும்பாலும் 90 நிமிடம் போல ஒரு நேரக் கெடு இருக்கும். மீனை மட்டும் உருவித் தின்றுவிட்டுச் சோற்றை ஒதுக்கினால் தனிக் கட்டணம் வாங்கும் கடைகளும் இருக்கின்றன. (தட்டில் மிச்சம் வைக்கிற ஆசாமிகள் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.)

அப்படி ஒரு கடையில் பாட்டி, அப்பா, அம்மா, ஒரு சிறுவன் என்று ஒரு குடும்பம் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மேசையில் தொடுதிரை. சால்மன், இறால், முட்டை என்று சிறுவனின் விரல் ஓயாமல் தட்டுகிறது. பாட்டியோ ஒரு சுஷியை மென்று விழுங்கி, தேநீர் ஒரு மிடறு குடித்து, ஊறிய இஞ்சிக் கீற்று ஒன்றைக் கடித்து, அதற்கப்புறம்தான் அடுத்ததைத் தொடுகிறார்.

கால் மணி நேரத்தில் சிறுவன் முன்னால் பத்துக் காலித் தட்டுகள். தட்டுக்கு இரண்டு என்றால் 20 சுஷி. ஒவ்வொன்றிலும் சுமார் 15 முதல் 20 கிராம் சோறு. ஆக 300, 400 கிராம் சோறு உள்ளே போயாயிற்று. மீன் கணக்கு தனி. ஆனாலும் அவன், "இன்னும் பசிக்குதே!" என்கிறான். பொய் சொல்லவில்லை. அவன் மூளைக்குச் சேதி முழுசாகப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

பசிக்கும்போது இரைப்பை கிரெலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1999-இல் இதைக் கண்டுபிடித்தவர்கள் கொஜிமா மசயாசு, கங்காவா கென்ஜி என்ற இரண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள். சாப்பிடச் சாப்பிட கிரெலின் குறையும். இரைப்பை விரிந்ததும் அதன் சுவரில் உள்ள நரம்பு நுனிகள் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குத் தகவல் அனுப்பும். இது சீக்கிரம் போகிற தகவல். ஆனால் என்ன சாப்பிட்டோம், அதில் எவ்வளவு சத்து என்பதைச் சொல்ல வேண்டியது குடல். உணவு கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் இறங்கி, அங்கே ஹார்மோன்கள் சுரந்து, ரத்தத்தில் கலந்து வேலை செய்ய வேண்டும். எல்லாச் சேதியும் சேர்ந்து 'போதும்' என்று உறைக்க ஏறக்குறைய 20 நிமிடம் ஆகலாம். பாட்டிக்கு ஐந்தாறு தட்டிலேயே அது உறைத்துவிடுகிறது. சிறுவன் அதற்குள் பத்தைத் தாண்டிவிடுகிறான்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கல்யாணப் பந்தியில் "ஒரு கரண்டி சோறுகூட இறங்காது" என்று கையால் மறித்தவர், பாயசம் வந்ததும் வாங்கிக் குடிக்கிறாரே, எப்படி? நாம் அலுத்துப்போவது பெரும்பாலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பண்டத்தின் மேல்தான். ஒரே சுவை தொடர்ந்து வந்தால் அதன் மேல் உள்ள ஆசை மங்கும். நிறமோ மணமோ பதமோ மாறினால் ஆசை திரும்ப முளைக்கும். பார்பரா ரோல்ஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1981-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். உள்ளே ஒரே பொருள் வைத்த சாண்ட்விச்சை மட்டும் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட, நாலு விதமாகக் கொடுத்தபோது சோதனையில் கலந்துகொண்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

இப்போது அந்தத் தொடுதிரையைப் பாருங்கள். சிவப்பாகச் சூரை, கொழுப்போடு சால்மன், மெல்லும்போது வழுக்கும் கணவாய், இனிப்பான முட்டை, வாயில் வைத்ததும் வெடிக்கும் மீன் முட்டை. அடியில் இருப்பது என்னவோ அதே சோறுதான். மேலே இருப்பது மாறிக்கொண்டே இருப்பதால் அலுப்பு தட்டுவதில்லை. வெறும் முட்டைச் சுஷி மட்டும் வந்திருந்தால் நம் சிறுவன் ஆறாவது தட்டிலேயே கையைக் கழுவியிருப்பான்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இட்லி, வாழைப்பழம், முறுக்கு, லட்டு, தயிர்சாதம் என்று ஐந்து பண்டங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் மட்டும் ருசித்து, எவ்வளவு பிடிக்கிறது என்று பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். பிறகு இட்லியை மட்டும் போதும் என்னும் வரை சாப்பிடுங்கள். உடனே ஐந்தையும் மறுபடி ஒரு வாய் ருசித்து மதிப்பெண் போடுங்கள். எது அதிகம் இறங்குகிறது, எது அப்படியே நிற்கிறது என்று எழுதி வையுங்கள். வீட்டில் உள்ள எல்லோரையும் சேர்த்துக்கொள்ளலாம்; ஆனால் ஒருவர் போட்ட மதிப்பெண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது.