28 ஆண்டுப் பேச்சு

இடம்பெயர்ந்த காலத்தில் பாடசாலைக் கட்டடங்களில் நம்மவர்கள் அடுத்தடுத்துப் பாய் விரித்துப் படுத்தார்கள். கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் பெந்தெகொஸ்தே சபையினரும் ஒரே கிடாரத்துக் கஞ்சியைக் குடித்தார்கள். ஆனால் விதைநெல் வந்து இறங்கியதும், “இது எந்தச் சபை தந்தது? அவையின்ர ஆக்களுக்கு மட்டுந்தானோ?” என்ற கேள்வி எழுந்தது. பங்கிட்ட நாங்களும் சில வேளை அப்படி நடந்துகொண்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்பிரிவு நம் மண்ணில் முளைத்ததன்று. போர்த்துக்கேயருடன் கத்தோலிக்க மறை வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அதைத் தடைசெய்து தம் சீர்திருத்தச் சபையைப் புகுத்தினர். ஆங்கிலேயர் காலத்தில் 1814இல் மெதடிஸ்த மிஷனும், 1816இல் அமெரிக்கன் மிஷனும், 1818இல் அங்கிலிக்கரின் மிஷனும் இலங்கை வந்தன. ஐரோப்பியச் சண்டையில் அடைத்த வேலிக்கு நாம் இன்றும் கதியால் போட்டு வருகிறோம்.

வேலியைப் பிரிக்க முயன்றோரும் உண்டு. 1919இல் ஆயர் வி. எஸ். அசரியா உட்பட 33 பேர் தரங்கம்பாடியில் கூடினார்கள். அங்கிலிக்கருக்கு ஆயர்கள் இருந்தனர். ஏனைய சபைகளில் அம்முறை இல்லை. ஆயரால் திருநிலைப்படுத்தப்படாத போதகரை ஏற்பதா? பேச்சு 28 ஆண்டுகள் நீண்டது. இறுதியில், ஏற்கெனவே பணியாற்றுவோரை அப்படியே ஏற்பது, இனி வருவோரை ஆயர்களே திருநிலைப்படுத்துவது என உடன்பட்டனர். 1947 செப்டெம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைக் காணவில்லை, 1945இல் இறந்துவிட்டார். நம் அமெரிக்கன் மிஷன் சபைகளும் அதில் இணைந்து யாழ்ப்பாண ஆதீனம் ஆயின. சபாபதி குலேந்திரன் அதன் முதல் ஆயர்.

இலங்கைச் சபைகளை இணைக்கும் திட்டமோ 1970களில் வழக்குகளில் சிக்கி நின்றுபோயிற்று. ஒற்றுமை தானாக வருவதில்லை.

கத்தோலிக்கராகிய நாங்களும் தாமதமாகவே கற்றோம். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சபையினரைச் சகோதரராக ஏற்கும்படி எங்களுக்குக் கற்பித்தது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து மொழிபெயர்த்த தமிழ்த் திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. எனினும் நற்கருணைப் பந்தியில் நாம் இன்னும் ஒன்றாக அமர முடியவில்லை. அந்த வேதனையை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பந்திக்காகக் காத்திருக்கும் காலத்திலும் செய்யக்கூடியவை உண்டு. உதவி எந்தச் சபையின் ஊடாக வந்தாலும், ஊருக்கு ஒரே பட்டியல் போடுவோம். முதலிடம் விதவைக்கும், காணியில்லாதவருக்கும். அவர் சைவராயினும் சரியே. கிணறு இறைக்கவும் வாய்க்கால் துப்புரவாக்கவும் சேர்ந்தே போவோம். ஒரு வீட்டில் சாவு என்றால் எல்லாச் சபையினரும் பாடை தூக்குவோம். ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒற்றுமைச் செபவாரத்தில், ஒரு மாலையாவது அயல் சபையாரின் ஆலயத்தில் போய் இருப்போம்.

கீழ்வயலுக்குத் தண்ணீர் போகாமல் மேல்வயல்காரன் வாய்க்காலை அடைத்தால் ஊரே அவனைக் கேட்கும். அன்பை அடைத்து வைக்கும் சபையை யார் கேட்பது? நாம்தான் கேட்க வேண்டும், முதலில் நம்மையே.